நன்றியுரை முடியும் வரை

புதுக்கோட்டையில் இருந்த வருஷங்களில் நான் நன்றி சொல்லாத ஆள் பாக்கி இல்லை. பாடினவருக்கு, பக்கவாத்தியம் வாசித்தவருக்கு, தலைமை தாங்கியவருக்கு, தலைமை தாங்குவதாக ஒப்புக்கொண்டு வராமல் போனவருக்கு, ஜமக்காளம் இரவல் கொடுத்தவருக்கு, மேடைக்கு வாழைமரம் வெட்டிக்கொண்டு வந்தவருக்கு என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை கச்சேரியோ நாடகமோ, ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவோ விவாதமோ, அந்த ஊரில் எது நடந்தாலும் கடைசியாக மேடையேறுகிறவன் நான்தான். மேடையேறுகிற அந்த ஆள் யார் என்பது மட்டும் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது.

நான் அங்கே கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டர். புரொபசர் பாடம் சொல்லுவார். சோதனைச்சாலையில் பையன்கள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது என் உத்தியோகம். ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, வெள்ளைக்காரன் ஆட்சி. புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். ராஜா உண்டு, அரண்மனை உண்டு, சமஸ்தானத்துக்கென்று தனிக் காசுகூட உண்டு. நடுவில் இருந்தது, யுத்தகாலத்தில் கரிப்புகையில் ஓடிய பஸ்ஸில் ஒரு சவாரி தூரம்தான். ஆனாலும் என்னைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘வெளிச்சீமைக்காரர்’ என்றுதான் சொல்லுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அடையாளத்துக்குச் சொல்லுவார்கள்.

நன்றியுரை என் தலையில் விழுந்ததே அதனால்தான். சமஸ்தானத்து ஊரில் நன்றி சொல்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. முதலில் ராஜா, அடுத்து பெரிய உத்தியோகஸ்தர்கள், அப்புறம் ஜட்ஜு, பிரின்ஸிபால், பெரிய வீட்டுக்காரர்கள் என்று ஒரு வரிசை உண்டு. வரிசை பிசகினால் மனஸ்தாபம். நாற்காலி கொடுத்தவர் பேரைப் பூ கொடுத்தவர் பேருக்குப் பின்னால் சொன்னதற்காக ஒரு வருஷம் முழுக்க நாற்காலி கிடைக்காமல் போன கதையெல்லாம் எனக்கு முன்னால் நடந்திருக்கிறது. உள்ளூர்க்காரன் தவறு செய்தால் அவன் வேண்டுமென்றே செய்தான் என்பார்கள். வெளிச்சீமைக்காரன் செய்தால் தெரியாமல் செய்தான் என்று விட்டுவிடுவார்கள். இந்தக் கூட்டங்களையெல்லாம் நடத்திய மன்றத்தின் காரியதரிசி ஒரு வக்கீல், கெட்டிக்காரர். நான் வந்து சேர்ந்த சில நாளிலேயே, “சார், ஒங்க கொரல் கணீர்னு இருக்கு, நீங்கதான் நன்றி சொல்லணும்” என்றார். என் குரல் கணீரென்றெல்லாம் இருக்காது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நான் சரியென்று சொன்னதற்குக் காரணம் வேறு. சனி ஞாயிறு எனக்கு ஆகாது. சனிக்கிழமை மத்தியானத்தோடு கல்லூரி மூடும். விராலிமலைப் பையன்கள், வல்லத்திராக்கோட்டைப் பையன்கள், எல்லாரும் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். மற்ற ஆசிரியர்களுக்குக் குடும்பம் இருந்தது. நான் வடக்கு மூன்றாம் வீதியில் ஒரு மாடி அறையில் இருந்தேன். அம்மா போன பிறகு ஊரில் அண்ணன் வீடுதான்; அங்கே போனால் உபசாரம் குறைவில்லாமல் நடக்கும், அதுதான் கஷ்டம். கூடப் பிறந்தவன் வீட்டில் உபசாரம் நடந்தால் அப்புறம் அடிக்கடி போக மனம் வருமா? சனிக்கிழமை மத்தியானம் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், திங்கட்கிழமை காலையில் சோதனைச்சாலை அட்டெண்டர் “வாங்க சார்” என்று சொல்லுகிற வரைக்கும் என்னிடம் பேச ஒரு ஜீவன் கிடையாது. மெஸ்ஸில்கூடப் பேச்சு இல்லை. இலை போடுவார்கள், பரிமாறுவார்கள், எடுப்பார்கள். எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கூட்டத்தில் போய் நின்றால் யாராவது ஓர் ஆள் கிடைக்க மாட்டாரா என்று நினைத்தேன்.

கூட்டம் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அதற்கும் நன்றியுரைதான் காரணம். “இறுதியாக நன்றி கூற” என்று காரியதரிசி வாயைத் திறந்ததும் மண்டபம் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்துவிடும். நாற்காலிகள் இழுபடும். தூங்கின குழந்தைகளை எழுப்புவார்கள், அவை அழும். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள் ஒருவரையொருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொள்வார்கள். வாசலில் செருப்புத் தேடுகிறவர்களின் சண்டை வேறு. இத்தனைக்கும் நடுவில் நான் நின்று அவர்களுக்குத்தான் நன்றி சொல்லிக்கொண்டிருப்பேன். கிளம்பிப் போகிற முதுகுகளைப் பார்த்து ‘திரளாக வந்திருந்து இறுதிவரை அமைதி காத்த பெருமக்களே’ என்று சொன்னது எத்தனையோ தடவை. முதல் சில வாரம் அவமானமாக இருந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகு அவமானமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

என் பேச்சுக்குப் பிறகு ஒரு பாட்டு உண்டு. சமஸ்தானத்தில் எந்தப் பொதுக்கூட்டமும் ராஜாவை வாழ்த்திப் பாடாமல் முடியாது. கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் மேடையின் ஓரத்தில் நின்று பாடுவார்கள். நான் அதற்கு நின்றதில்லை. பேசி முடித்ததும் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கி ஓடிவிடுவேன். சனிக்கிழமை மெஸ்ஸில் சீக்கிரம் தீர்ந்துவிடும். கொஞ்சம் தாமதித்தால் ரசமும் அப்பளமும்தான் மிஞ்சும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் மேடையிலிருந்து பார்க்கிறேன், எல்லாரும் எழுந்துபோன பிறகும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கடைசிச் சுவரோரமாகப் போட்டிருந்த பெஞ்சில், மூடிய கோட்டும் தலைப்பாகையும் குடையுமாக. வயதானவர். என் பக்கம் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருந்தார். அடுத்த நாள் சொற்பொழிவுக்கும் அதே பெஞ்சு, அதே மாதிரி. அடுத்த வாரமும் அப்படியே. நான் எத்தனை பேருக்கு நன்றி சொன்னாலும் அத்தனையும் முடிகிற வரைக்கும் இருந்தார்.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? எனக்கு ஒரு ரசிகர். கோட்டையும் தலைப்பாகையையும் பார்த்தால் ரிட்டையர் ஆன தாசில்தார் மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் பெரிய நிலச்சுவான்தார். முன்வரிசை நாற்காலிக்கு ஆசைப்படாமல் பெஞ்சில் உட்காருகிற பெருந்தன்மைக்காரர். நானே எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டேன். அதுவரைக்கும் மேடைக்குப் போகும்போது யோசித்துக்கொண்டு போய்ப் பேசினவன், இப்போது புதன்கிழமையே தயாராக ஆரம்பித்தேன். கச்சேரி என்றால் ராகத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, நாடகம் என்றால் ராணி வேஷம் போட்ட பையனின் மீசை நிழலைப் பற்றி ஒரு கேலி, ஞாயிற்றுக்கிழமை பேச்சு என்றால் பேசினவர் விட்டுவிட்டதை எடுத்துக்கொடுப்பது. எல்லாம் அந்தக் கடைசி பெஞ்சுக்குத்தான். அவர் சிரித்ததே இல்லை. ஆழமான ஆள், லேசில் சிரிக்க மாட்டார் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள் எனக்கு அப்போது பழைய மாதிரிப் பாரமாக இல்லை. அறையில் தனியாகச் சிரித்துக்கொண்டே நன்றியுரை தயாரித்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. கச்சேரி பாதியில் இருக்கும்போது பிடித்த மழை விடவே இல்லை. நன்றியுரைக்கு யாரும் வெளியே போகவில்லை என்று பெருமைப்படுவதற்குள் அது மழையால் என்று புரிந்துவிட்டது. எல்லாரும் எழுந்து வாசல் பக்கம் போய்க் கும்பலாக நின்றார்கள், அவ்வளவுதான். பேசி முடித்துப் பக்கவாட்டுக் கதவைத் திறந்தேன். தண்ணீர் முழங்கால் உயரத்துக்குத் தெறித்தது. திரும்பி வந்து மேடையோரம் நின்றேன். பையன்கள் இரண்டு பேரும் ராஜா பாட்டை ஆரம்பித்தார்கள்.

என் ரசிகர் எழுந்து நின்றார். குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து, தலையை நிமிர்த்தி நின்றார். வாசல் கும்பலில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மண்டபத்திலேயே பாட்டுக்கு ஒழுங்காக நின்றவர் அவர் ஒருவர்தான். பாட்டு முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நல்ல சந்தர்ப்பம் என்று இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். மழையைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டு, வெட்கத்தை விட்டு, “என் பேச்சு எப்படி இருந்துச்சுங்க ஐயா?” என்று கேட்டேன்.

“எந்தப் பேச்சுங்க தம்பி?”

“இப்ப நன்றி சொன்னேனே.”

“அதா?” என்றார். என்னை அப்போதுதான் அடையாளம் கண்டுகொண்டார். “பேசுனீங்க, பேசுனீங்க. நான் பாட்டுக்குல்ல இருக்கேன். மகாராசா பாட்டு முடியாம எந்திரிச்சுப் போகலாமா? தப்புல்ல?”

மழை விட்டபோது அவரவர் போனார்கள். நானும் போனேன்.

அந்த வாரம் முழுக்க எனக்கு ஆத்திரம். யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் என்னை ஏமாற்றவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நானாக ஒரு மாளிகை கட்டியிருந்தேன். விசாரித்ததில் அவர் தாசில்தாரும் இல்லை, நிலச்சுவான்தாரும் இல்லை. சமஸ்தானக் கச்சேரியில், அதாவது சர்க்கார் ஆபீசில், டவாலிச் சேவகராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது. துரைமார் அறை வாசலில் மார்பில் பட்டையும் வில்லையுமாக நிற்பார்களே, அந்த வேலை. கோட்டும் தலைப்பாகையும் அந்த உத்தியோகத்து மிச்சம். அடுத்த சனிக்கிழமைக்குப் புதன்கிழமைத் தயாரிப்பு எதுவும் கிடையாது. மேடையேறினேன். “அனைவருக்கும் நன்றி, வணக்கம்” என்றேன். இறங்கிவிட்டேன். காரியதரிசி ஓடிவந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “சார், இதுதான் நன்றியுரை!” என்றார்.

கதவருகில் நின்று திரும்பிப் பார்த்தேன். பையன்கள் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பெரியவர் எழ முயன்றுகொண்டிருந்தார். பெஞ்சின் விளிம்பைப் பிடித்து, குடையை ஊன்றி, பாதி எழுந்து, திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு முறை முயன்றார். அவர் நிமிர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. அவர் முகத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சொற்பொழிவுக்கு நான் போகும்போது மண்டபத்துப் பக்கவாட்டுக் கதவில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, கொஞ்சம் இங்கிட்டு வாங்க,” என்றார். “நேத்து ஏன் அம்புட்டு வெரசா முடிச்சிட்டீங்க? ஒடம்புக்கு எதுவும் சொகமில்லையா?”

“சொகமாத்தான் இருக்கேன். கேக்க ஆளில்லாம எதுக்குப் பேசணும்னு முடிச்சேன்.”

“ஆளு இல்லையா? நான் இருக்கேன்ல?”

“நீங்க பாட்டுக்குத்தானே இருக்கீங்க ஐயா.”

அவர் குடையைக் கை மாற்றிக்கொண்டார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“எனக்கு முழங்கா சரியில்ல தம்பி. வாசல்ல நின்னு நின்னே போயிருச்சு. உக்காந்தா மரத்துப் போயிரும். ஒடனே எந்திரிக்க வராது. நீங்க பேச ஆரம்பிச்சதும் நான் காலைத் தேச்சுவிட ஆரம்பிப்பேன். ஒரு காலை நீட்டி மடக்குவேன், அப்புறம் அடுத்தது. நீங்க எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிக்கவும் எனக்குக் கால் வந்துரும். பாட்டுக்குச் சரியா எந்திரிச்சிருவேன். நேத்து வரல. சமஸ்தானத்துச் சோறு தின்னவன், மகாராசா பாட்டுக்கு உக்காந்து இருந்தேன்னா எப்படி?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அப்புறம் சிரிப்பு போய்விட்டது. இத்தனை மாதம் என் ராக விளக்கத்தையும் கேலியையும் கேட்டுக்கொண்டு அசையாமல் இருந்தார் என்று நினைத்தேனே, நாற்காலி வரிசைகளின் மறைவில் அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“இன்னைக்கு நீளமாப் பேசுறேங்க,” என்றேன்.

“பேசுங்க. நீங்க நல்லாப் பேசுறீங்கன்னுதான் சொல்றாங்க,” என்றார். யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை.

அன்று முதல் என் நன்றியுரைக்கு ஓர் உபயோகம் ஏற்பட்டது. அவர் கால் தயாரானதும் குடையைத் தரையிலிருந்து தூக்கி மடியில் வைத்துக்கொள்வார். அது கண்ணில் பட்டதும் நான் முடித்துக்கொள்வேன். வெயில் நாளில் சீக்கிரம் தூக்கிவிடுவார். பனிக்காலத்தில் நேரமாகும். மார்கழியில் நன்றி சொல்ல ஆள் பற்றாமல் போய்விடும் எனக்கு. நோட்டீசு அடிக்கக் காகிதம் கிடைக்காத யுத்தகாலத்தில் காகிதம் கொடுத்தவருக்கு, அதை ஒட்டினவருக்கு, ஒட்டவிட்ட சுவருக்குச் சொந்தக்காரருக்கு, கச்சேரி நேரத்தில் கத்தாமல் இருந்த பக்கத்து வீட்டு மாட்டுக்கு என்றெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறேன். கேட்க ஆள் இல்லாததில் அந்தச் சுதந்திரம் உண்டு. ஒரு கண் குடை மேலேயே இருக்கும். காரியதரிசிக்குத்தான் தாங்கவில்லை.

“என்ன சார் இது, அன்னைக்கு எவ்வளவு அழகா முடிச்சீங்க! இப்ப வாய்ப்பாட்டுக் கச்சேரியைவிட நீளமாப் போகுது. வாட்ச்மேன் சாவியை வச்சுக்கிட்டு நிக்கிறான்.”

“வரிசை பிசகக் கூடாதே சார்,” என்பேன். அவர் வாட்ச்மேனைச் சமாதானப்படுத்தப் போய்விடுவார்.

பாட்டு முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக வெளியே வருவோம். மெஸ்ஸில் ரசம்தான் என்று முடிவாகிவிட்டது. அதனால் அவசரம் இல்லை. கீழ ராஜ வீதி முனை வரைக்கும் மெதுவாக நடப்போம். பெரிய பேச்சு ஒன்றும் கிடையாது. பாடினவர் நல்ல சிவப்பு என்பார். நாடகத்தில் ராஜா வேஷக்காரன் நிற்கிற விதம் சரியில்லை, ராஜா அப்படி நிற்கமாட்டார் என்பார். தங்கச்சி மகன் வீட்டில் இருப்பதாக ஒரு தடவை சொன்னார். “இருக்கச் சொல்லியிருக்காக, இருக்கேன்” என்று அதோடு நிறுத்திவிட்டார். எனக்கு அந்த வார்த்தை நன்றாகப் புரிந்தது. முனை வந்ததும், “சாப்புட்டுப் படுங்க தம்பி, வாரேன்” என்பார். சாப்பிடச் சொல்ல அந்த ஊரில் எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் அங்கிட்டுத் திரும்புவார், நான் இந்தப் பக்கம் திரும்புவேன். அடுத்த கூட்டம் வரைக்கும் அதுதான்.

யுத்தம் முடிந்தது. சுதந்திரம் வந்தது. அடுத்த வருஷம் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. ஊர் முழுக்கக் கொடி. கல்லூரிப் பையன்கள் தெருத் தெருவாக ஊர்வலம் போனார்கள். நானும் கொஞ்ச தூரம் போனேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. சீமைக்குச் சீமை இருந்த கோடு அழிந்துவிட்டது, இனி நான் வெளிச்சீமைக்காரன் இல்லை என்று நினைத்தேன்.

மன்றத்துக் கமிட்டி கூடியது. ராஜா பாட்டை எடுத்துவிட வேண்டியதுதான் என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. அந்த இடத்தில் தேசப் பாட்டு வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். காரியதரிசி தலையை ஆட்டினார். “முடிவுல வச்சா நிக்க ஆள் இருக்காதே! தேசத்துக்கு அவமானம்ல? ஆரம்பத்துலயே வச்சிருவோம். அப்பதான் முழுக் கூட்டமும் இருக்கும்.” நியாயமான பேச்சு. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நிகழ்ச்சி இனி நன்றியுரையோடு முடியும் என்று தீர்மானமாயிற்று. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். ஒரு முழங்காலைப் பற்றிக் கமிட்டியில் எப்படிப் பேசுவது?

அவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும் என்று வியாழக்கிழமை தேடிக்கொண்டு போனேன். கீழ ராஜ வீதி முனையிலிருந்து அவர் திரும்புகிற பக்கம் திரும்பி, அங்கங்கே நின்று டவாலிச் சேவகர் வீடு எது என்று கேட்டேன். “எந்த டவாலிங்க? பேரு என்ன?” என்றார்கள். சமஸ்தானத்தில் சேவகர்கள் கொஞ்சமா? எனக்கு அவர் பேர் தெரியாது. அவருக்கும் என் பேர் தெரியாது. அவர் ஐயா, நான் தம்பி. இருட்டுகிற வரைக்கும் அலைந்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பி வழிந்தது. மூவர்ணத் துணியால் மேடை ஜோடிக்கப்பட்டிருந்தது. பெரியவர் தன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் போகலாம் என்று இறங்குவதற்குள் பையன்கள் இரண்டு பேரும் மேடைக்கு வந்துவிட்டார்கள். முன்னறிவிப்பு ஒன்றும் இல்லை, பாட ஆரம்பித்துவிட்டார்கள். மண்டபமே எழுந்தது. அவரும் எழத்தான் பார்த்தார். பெஞ்சைப் பிடித்தார், குடையை ஊன்றினார், பாதியில் நின்றார். பாட்டு முடிந்து எல்லாரும் உட்கார்ந்தபோதுதான் நிமிர்ந்தார். அத்தனை பேர் உட்கார்ந்திருக்க அவர் மட்டும் தனியாக நின்றார்.

அவர் பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன்களில் ஒருவன், “ராஜா ஆளு! தேசப் பாட்டுக்கு எந்திரிக்க மாட்டாராம்!” என்றான். சிரித்தார்கள். மேடை வரைக்கும் கேட்டது. அவருக்குக் கேட்காமல் இருந்திருக்காது. நான் மேடையோரத்தில் நின்றுகொண்டிருந்தேன். நடுவே கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாரிடம் போய் அது முழங்கால் என்று சொல்வது? அவர் மெதுவாக உட்கார்ந்துகொண்டார். கச்சேரி ஆரம்பமாகிவிட்டது. என்ன பாடினார்கள் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

நன்றியுரைக்கு எழுந்தேன். கூட்டமும் எழுந்தது. “சுருக்கமா சார், சுருக்கமா,” என்று காரியதரிசி காதோடு சொன்னார். பழக்கதோஷம், குடையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். வரிசைகூட அன்று மாறிப்போயிருந்தது. முதலில் யாரைச் சொல்வது என்றே ஒருவருக்கும் தெளிவில்லை. மண்டபம் காலியாகிக்கொண்டே வந்தது. அவர் குனிந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். குடை மடிக்கு ஏறியது. வணக்கம் சொல்லி முடித்தேன்.

அவர் பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, எழுவதற்குத் தயாராக மேடையோரத்தைப் பார்த்தார். பையன்கள் அப்போதே போய்விட்டிருந்தார்கள். காரியதரிசியும் போய்விட்டார். வாட்ச்மேன் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தான். பெரியவர் அப்படியே இருந்தார். பாட்டு ஏன் தாமதம் என்று யோசிக்கிறவர் மாதிரி இருந்தது முகம்.

மேடையிலிருந்து இறங்கி, இழுபட்டுக் கிடந்த நாற்காலிகளுக்கு நடுவே அவரிடம் போனேன். அந்த மண்டபம் எவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

“ஐயா, பாட்டு இல்லைங்க.”

“பையங்க வரலையா?”

“வந்தாங்க. முதல்லயே பாடிட்டாங்கல்ல, அதுதான் இனிமே. மகாராஜா பாட்டு கிடையாதுங்க. நான் பேசுறதோட முடிஞ்சுருது.”

அவர் தலையை ஆட்டினார். கேட்டுக்கொண்டார், புரிந்தும் கொண்டார். ஊரில் நடப்பது தெரியாத மனிதர் இல்லை. கொடியையும் ஊர்வலத்தையும் அவரும் பார்த்திருப்பார். மேடையைப் பார்த்தார், முழங்காலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் எப்பங்க தம்பி எந்திரிக்கிறது?” என்றார்.

அதில் கோபம் இல்லை. என்னிடம் விவரம் கேட்டார், அவ்வளவுதான். கையை நீட்டினேன். அதுவரைக்கும் அவர் யார் கையையும் பிடித்து எழுந்து நான் பார்த்ததில்லை. பிடித்துக்கொண்டார். எழுந்ததும் என் கையை விட்டுவிட்டார். குடையைப் பெஞ்சில் சாய்த்து வைத்தார். இரண்டு கையையும் தொடையோடு சேர்த்து, தலையை நிமிர்த்தி, காலி மேடையைப் பார்த்து நின்றார். நானும் அவர் பக்கத்தில் நின்றேன். பாட்டு இருந்தால் முடிகிற இடம் தெரியும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.